ரோஸ் நிறக் கோடு

அத்தியாயம் 4

படப்பையில் மூர்த்தியின் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் எனக்குக் கசாப்புக் கடை ஞாபகம்தான் வந்தது. ஒரே மாடல் கார்கள் மூன்று, மூன்று லிஃப்டில் தொங்கிக்கொண்டிருந்தன. மூன்றுக்கும் ஒரே நோய். கியர்பாக்ஸ் காலி.

"செல்வி, கேமராவை எடு," என்றார் பரசுராமன் சார்.

"அது என் போன் சார். கேமரான்னு கூப்பிட்டா அதுக்கே கூச்சமா இருக்கும்."

அவர் சிரிக்கவில்லை. கார் இன்சூரன்ஸில் சர்வேயராக இருந்து, நசுங்கிய கார்களையும் புளுகுகிற முதலாளிகளையும் பார்த்துப் பார்த்து மனிதர் சிரிப்பதையே விட்டுவிட்டார். இப்போது ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு லாட்ஜ் மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். ஊழியர்கள் மொத்தம் ஒருவர், அது முத்துச்செல்வியாகிய நான். கார்களைக் கரைத்துக் குடித்த இந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பது நிலையத்தின் ரகசியம். என் ஸ்கூட்டியின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் துப்பறியப் போவார்.

நடுவில் தொங்கிய வெள்ளைக் கார், உதவி கேட்டு எங்களிடம் வந்த பிரவீனாவுடையது. ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்கிற ஒரு ஃபேக்டரியில் லைனில் வேலை பார்த்தவர் அவர். அங்கே ஒரு மெஷினில் இடது பாதம் மாட்டிக்கொண்டது. இப்போது நடக்கலாம், கிளட்ச் மிதிக்க முடியாது. வந்த நஷ்டஈட்டைப் போட்டு, கிளட்சே இல்லாத இந்த ஆட்டோமேட்டிக் காரை வாங்கினார். காலை ஷிஃப்ட் பெண்களைப் படப்பையிலிருந்து ஏற்றி இறக்குகிற டிரிப்பை அதே ஃபேக்டரி அவருக்குக் கொடுத்தது. அதில்தான் அவர் குடும்பம் நடந்தது.

போன வாரம் ஒரு காலையில், வண்டலூர் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்த கார் அலறிவிட்டு நடுரோட்டில் நின்றுவிட்டது. உள்ளே பெண்கள், பின்னால் கன்டெய்னர் லாரி. லாரிக்காரர் எப்படி ஒடித்துத் திருப்பினார் என்பது அவருக்கே தெரியாது.

"முன்சீட்டுல வச்சிருந்த டிபன் பாக்ஸு பறந்து போயி கண்ணாடியில மோதிச்சு சார்," என்று பிரவீனா எங்களிடம் சொல்லியிருந்தார். "நாங்க பறக்காம தப்பிச்சதே பெருசு."

பாதுகாப்பில்லாத வண்டி என்று ஃபேக்டரி டிரிப்பை நிறுத்திவிட்டது. திங்கட்கிழமை வேறு ஒரு டிராவல்ஸுக்குக் கையெழுத்தாகிறது. இன்றைக்கு வெள்ளி. வண்டியைப் பிரவீனா கெடுக்கவில்லை என்று அதற்குள் நிரூபித்தால் டிரிப் மிஞ்சும். இல்லாவிட்டால் கார் இரும்புக் கடைக்கு, பிரவீனா தெருவுக்கு.

யார் தப்பு என்பதில் பிரவீனாவுக்குச் சந்தேகமே இல்லை. இந்த மாடலின் கியர்பாக்ஸ் ஊர் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. பறிகொடுத்தவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பே வைத்திருந்தார்கள். காலை வணக்கத்துக்குப் பதிலாக ரிப்பேர் பில்லைப் போடுகிற குரூப் அது. எந்த பில்லும் ஒன்றரை லட்சத்துக்குக் குறையவில்லை. ஷோரூமில் போய்க் கேட்டால் ஏசி அறையில் உட்காரவைத்து, ஜூஸ் கொடுத்து, உங்களுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். பிரவீனாவும் அந்த குரூப்பில் ஒருவர். கார் செய்தவன் ஏமாற்றிவிட்டான், அதை எழுதிக் கொடுங்கள் என்பதுதான் அவர் எங்களிடம் கேட்டது.

பரசுராமன் சாருக்கோ மூர்த்தி மேல்தான் கண்.

"இன்னா சார் உத்து உத்துப் பாக்கற? மூணும் ஒரே கேஸு," என்றார் மூர்த்தி, கையைத் துணியில் துடைத்தபடி. "இந்த மாடலு வந்தா நமக்கு தீவாளி."

"பட்டாசைக் கொளுத்தறது யாருன்னுதான் பாக்க வந்தோம்," என்றேன்.

"யம்மா, நான் எதியும் கொளுத்தல. வண்டி செத்துதான் இங்க வருது."

சார் டார்ச்சோடு முதல் காருக்கு அடியில் போய் நின்றார். "செல்வி, இதைப் பார். கியர்பாக்ஸ் ஆயிலை இறக்குற போல்ட்."

போல்ட்டின் தலையில் தொடங்கி கியர்பாக்ஸின் உடம்பு வரைக்கும் ஒரு மஞ்சள் கோடு ஓடியது. சேறு படிந்து மங்கியிருந்தது.

"கார் செய்யற இடத்துல, இறுக்கின கையோட போட்ட கோடு. போல்ட் துளி திரும்பினாலும் கோடு ரெண்டா உடைஞ்சிடும். இது நேரா இருக்கு. அப்படின்னா யாரும் தொடலை. இந்த கியர்பாக்ஸ் தானாச் செத்தது."

மூன்றாவது காரிலும் அப்படியேதான். பிரவீனாவின் காரில் மட்டும் மஞ்சள் கோடு உடைந்திருந்தது. ஒரு பாதி போல்ட்டில், மறுபாதி உடம்பில், கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் நின்றன. அதன் மேல் புத்தம் புதிதாக ஒரு ரோஸ் நிறக் கோடு. பக்கத்தில் அதே நிறத்தில் இரண்டு குட்டிப் புள்ளிகள்.

நான் படம் எடுத்தேன். சார் மூர்த்தி பக்கம் திரும்பினார்.

"யாரோ கழற்றி, ஆயிலை இறக்கிட்டு, திரும்ப முடுக்கியிருக்காங்க. ஆயில் இல்லாம ஓடினா கியர்பாக்ஸ் வெந்துடும். வெந்தா உங்களுக்குத் தீபாவளி. இல்லையா மூர்த்தி?"

மூர்த்தியின் முகம் கறுத்தது. "ஆயிலு கம்மியாத்தான் கீது சார். லீக்குன்னு நெனச்சேன். ஆனா அந்த போல்ட்ட நான் இன்னும் தொடவே இல்ல."

"அப்போ இந்தக் கோடு?"

"இன்னா கோடு? இங்க எவன் சார் கோடு போடறான்? இறுக்கினமா, அடுத்த வண்டிக்குப் போனமான்னு கீறோம். கோடு கீடுலாம் ஃபேக்டரிக்காரன் வேலை. பெயின்ட் பேனாவே நம்ம கையில கெடயாது. நீயே தேடிக்க."

தேடினேன். அரை பரோட்டாவும், மூன்று வருஷத்துக் காலண்டர்களும் கிடைத்தன. பேனா கிடைக்கவில்லை.

சார் டார்ச்சை அணைத்தார். பிறகு, "மூர்த்தி சொல்றது நிஜம்," என்றார்.

"பரோட்டாவைப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"யோசிச்சுப் பார். திருட்டுத்தனமா வந்தவன், நான் இங்க வந்தேன்னு கோடு போட்டுட்டுப் போவானா? இது அவன் போட்ட கோடு இல்லை. அவன் கை போட்ட கோடு. அவனுக்கே தெரியாது."

"கை தானாவா போடும்?"

"மூர்த்திகிட்ட ஒரு ஸ்பேனர் கடன் வாங்கு. டீ சாப்பிடப் போவோம்."

"டீக்கு ஸ்பேனரா? அவ்வளவு ஸ்ட்ராங்கா எந்தக் கடையில சார் போடறாங்க?"

*

ஒரகடத்தில், அந்த பிரேக் ஃபேக்டரிக்கு எதிரே ஒரு டீக்கடை. முன்னால் இரும்பு பெஞ்ச். ஃபேக்டரி ஆட்கள் பல நிற யூனிஃபார்மில் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். சார் செய்த முதல் காரியம், குனிந்து செருப்பைச் சரிசெய்கிற சாக்கில் பெஞ்ச் காலில் இருந்த நட்டைத் தளர்த்தியது. பெஞ்ச் ஆட ஆரம்பித்தது. என் டீ கொஞ்சம் என் சுடிதாருக்குப் போனது.

நீல யூனிஃபார்மில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். "தம்பி, பெஞ்ச் ஆடுது. கொஞ்சம் இறுக்கிக் குடுக்கறீங்களா?" என்று சார் ஸ்பேனரை நீட்டினார்.

அவன் குனிந்து இறுக்கினான். இறுக்கி முடித்த கை நேராகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. மார்க்கரை எடுத்தது. நட்டின் மேல் சர்ரென்று ஒரு வெள்ளைக் கோடு.

போட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "ஐயய்யோ, சாரிங்க. கை பழகிப்போச்சு," என்று சிரித்தான். "கோடு இல்லன்னா இறுக்கலன்னு அர்த்தம். சூப்பர்வைசர் கத்துவாரு. வூட்ல சிலிண்டர் மாத்தினா அதுலயும் கோடு போட்டுட்டு பொண்டாட்டிகிட்ட திட்டு வாங்கறேன்."

அவன் போனதும் சார் மறுபடி நட்டைத் தளர்த்தினார். காக்கி யூனிஃபார்ம் வந்தது. பச்சைக் கோடு போட்டது. மறுபடி தளர்த்தினார். டீ மாஸ்டர் எங்களைப் பார்த்த பார்வையில், அடுத்த டீ கிடைக்காது என்று தெரிந்தது.

மூன்றாவதாக, எதிர் கேட்டிலிருந்து சாம்பல் நிற யூனிஃபார்மில் ஒரு இளைஞன் வந்தான். சட்டையில் ஜோயல் என்று பெயர் தைத்திருந்தது. இறுக்கினான். பாக்கெட்டுக்குக் கை போனது. ரோஸ் நிறக் கோடு. கோட்டின் பக்கத்தில் ஒரு குட்டிச் சிலுவை.

என் கையிலிருந்த பிஸ்கட் டீக்குள் விழுந்தது.

"இது என்ன தம்பி, சிலுவை?" சார் சாதாரணமாகக் கேட்டார்.

"அது என் குறி சார். எங்க லைன்ல ஆளுக்கு ஒரு குறி. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு அக்காவுக்குக் கால் போச்சு. மெஷின் மூடியோட போல்ட்ட எவனோ இறுக்காம வுட்டுட்டான். எவன்னு கடைசி வரைக்கும் தெரில. அதுலேந்துதான் இறுக்கறவங்க அவங்கவங்க குறியப் போடணும்னு ரூலு."

அந்த அக்கா பிரவீனாதான். அவர் கால் போனதால் வந்த சட்டம், இப்போது அவர் காரின் அடிவயிற்றில் எழுதியிருக்கிறது.

நான் போனை நீட்டினேன். "ரெண்டு புள்ளி யாரோடது?"

ஜோயல் படத்தைப் பார்த்தான். "இது எங்க லைன் பார்ட்டு இல்லியே. இன்னாது இது?"

"பிரவீனா அக்கா காரு."

அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "எங்க லைன் ஆள நான் காட்டிக் குடுக்க மாட்டேன். அக்காவையே கேளுங்க, அவங்களுக்குத் தெரியும்." விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து போய்விட்டான்.

*

நாங்கள் போன் செய்ததும் பிரவீனா ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். இடது காலை ஊன்றாமல் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தார். "எழுதிட்டீங்களா சார்? குரூப்ல எல்லாரும் கேட்டுக்கினே இருக்காங்க. ஷோரூம்காரன் மூஞ்சியில வீசணும்."

"உங்க கியர்பாக்ஸ் தானாப் போகலைம்மா. யாரோ ஆயிலை இறக்கியிருக்காங்க." சார் சுற்றி வளைக்கவில்லை. என் போனை அவர் கையில் கொடுத்தார்.

பிரவீனா பார்த்தார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். சின்னதாக்கினார். மறுபடி பெரிதாக்கினார். அழப்போகிறவர்களை எனக்குத் தெரியும், இவர் அழவில்லை. யாரோ தன் வீட்டு விலாசத்தைத் தப்பாகச் சொன்னது போல முழித்தார்.

"இது சுவாதி," என்றார் கடைசியில். "சுவாதியோடது. ஆளுக்கு ஒரு குறி வச்சுக்கச் சொன்னப்ப எனக்கு போன் பண்ணினா. ரெண்டு புள்ளி வச்சுக்கறேன்டி, ஒண்ணு நானு, ஒண்ணு நீ, நீ லைன்ல இல்லன்னாலும் கூடவே இருப்பன்னு சொன்னா." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "வேற யாராச்சும் போட்டிருப்பாங்க. அவ இல்ல. ஆஸ்பத்திரியில எனக்கு பெட்பேன் எடுத்தவ அவ."

"உங்க கார்ல பெண்கள் உட்கார ஆளுக்கு ஒரு இடம் இருக்குமா?" என்று கேட்டார் சார்.

"இருக்கும். மாத்தி ஒக்காந்தா சண்டையே வந்துடும்."

"முன்சீட்டு யாரோடது?"

பிரவீனா என் கையிலிருந்த போனைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு அந்த சீட்டில் டிபன் பாக்ஸ் இருந்தது என்று அவரே எங்களிடம் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். டிபன் பாக்ஸ் உட்கார்ந்த சீட்டில் ஆள் உட்கார முடியாது.

"சுவாதியோட எடம். தலைவலி, அப்பால பஸ்ல வரேன்னா," என்றார் மெதுவாக. "நான் மாத்திரை வாங்கிக் குடுத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்."

நான் ஆறிப்போன டீயைக் கீழே கொட்டினேன்.

*

காலை ஷிஃப்ட் விட்டபோது நாங்கள் கேட்டருகே போய் நின்றிருந்தோம். கேட்டிலிருந்து பெண்கள் கும்பலாக வந்தார்கள். பிரவீனாவின் காருக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்திருந்த டிராவல்ஸ் வேன் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. கும்பலிலிருந்து ஒருத்தி எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து ஓடி வந்தாள்.

"ஏய் பிரவி, இன்னாடி வெயில்ல நிக்கற? காலு வீங்கிக்கும், ஒக்காரு மொதல்ல." தோள்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அவள் நடித்துக்கொண்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த அக்கறை நிஜம்.

பிரவீனா பாட்டிலை வாங்கவில்லை. என் கையிலிருந்த போனை எடுத்துக் காட்டினார். சுவாதி பார்த்தாள். நீட்டிய பாட்டில் அப்படியே காற்றில் நின்றது.

"கோடு போட்டேன்னே எனக்குத் தெரியாது," என்றாள்.

நாங்கள் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே வந்துவிட்டது வாக்குமூலம். சார் மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டார். பிரவீனா மட்டும் அடி வாங்கியவர் போல ஒரு எட்டு பின்னால் நகர்ந்தார்.

"எப்பச் செஞ்ச?"

"வண்டி நின்னதுக்கு மொத நாளு."

"மொத நாளு பாப்பா பொறந்தநாளு. நான் ஒன் வூட்லதான் இருந்தேன்."

"ம்."

"எனக்கு பிரியாணி வச்சுட்டு, தயிர் வாங்கியாறேன்னு கீழ போன. எம்மா நேரம் காணோம்னு நான் பாப்பாவ மடியில வச்சுக்கினு ஒக்காந்துகினு இருந்தேன். அப்பவா?"

"ம்."

எனக்கு அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

"உள்ள நம்ம பொண்ணுங்க இருப்பாங்கன்னு தெரியும் இல்ல? அதனாலதான நீ ஏறல?"

"மெதுவா நின்னுடும், ஒண்ணும் ஆவாதுன்னு சூப்பர்வைசர் சொன்னாரு பிரவி. சத்தியமா." சுவாதியின் குரல் உடைந்தது. "சூப்பர்வைசரோட மச்சானுதுதான் அந்த டிராவல்ஸு. எந்த போல்ட்டுன்னு அந்த மச்சான்தான் போன்ல படம் போட்டுக் காமிச்சாரு. இந்த மாடலே இப்டித்தான், எல்லாருக்கும் போவுது, ஒருத்தருக்கும் சந்தேகம் வராதுன்னாரு. செஞ்சா என்னைய பெர்மனென்ட் பண்றேன்னு சூப்பர்வைசர் சொன்னாரு. எத்தினி வருஷம்டி கான்ட்ராக்ட்லயே சாவறது? நாளைக்கு எனக்கும் கால் போனா, ஒனக்குக் குடுத்த மாரி எனக்கு யாரு குடுப்பா? நீ பெர்மனென்ட்டு, ஒனக்குக் குடுத்தாங்க."

"பண்ணிட்டாங்களா?"

"அடுத்த மாசம்னு சொல்லியிருக்காங்க."

பிரவீனா சிரித்தார். கேட்கவே கஷ்டமான சிரிப்பு. பிறகு, நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். சுவாதியின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா. உள்ள போவலாம். டிரிப்பு குடுக்கற டிரான்ஸ்போர்ட் ஆபீசர்கிட்ட நடந்தத சொல்லு. ஏமாத்திச் செய்ய வச்சாங்கன்னு சொல்லு. நானும் பக்கத்துல நிக்கறேன். ஒம் மேல கேஸு வேணாம்னு நானே எழுதித் தரேன். எனக்கு என் டிரிப்பு போதும்."

சார் புருவத்தைச் சுருக்கினார். குற்றவாளிக்கு இத்தனை சலுகையை அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் ஒதுங்கி வழி விட்டார்.

சுவாதி கேட்டைப் பார்த்தாள். வேன் டிரைவர் ஹார்ன் அடித்தார். மற்ற பெண்கள் ஏறிவிட்டிருந்தார்கள். அன்றைக்கு லாரியிடமிருந்து தப்பித்தவர்கள், ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துவிட்டு, பிரவீனாவின் கண்ணைப் பார்க்கத் தயங்கி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சங்கடம்தான். வேறு வண்டியில் போகிறோமே என்று. விஷயம் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது.

மறுபடி ஹார்ன்.

"பாப்பா ஸ்கூல்லேந்து வந்துடும் பிரவி," என்றாள் சுவாதி. கையை மெல்ல உருவிக்கொண்டாள். வேனில் ஏறினாள். கதவு சாத்திக்கொண்டது.

வேன் மேம்பாலத்துக்கு அடியில் திரும்பி மறையும் வரை பிரவீனா பார்த்துக்கொண்டே நின்றார். வேன் போன பிறகும் அங்கேயே பார்த்தார்.

"அம்மா," என்றார் சார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "அந்த போல்ட் இருக்கு, அவங்க ஒத்துக்கிட்டதுக்கு நாங்க ரெண்டு பேரும் சாட்சி. போலீஸ்ல புகார் குடுத்தா, ரசீதை இன்னைக்கே ஃபேக்டரியில காட்டலாம். விசாரணை முடியற வரைக்கும் வேற யாருக்கும் கையெழுத்துப் போட மாட்டாங்க. உங்க டிரிப் உங்ககிட்டயே இருக்கும். ஆனா சுவாதி பேரைச் சொல்லித்தான் புகார் குடுக்கணும். சூப்பர்வைசரையும் அவன் மச்சானையும் பிடிக்கறதுக்கு வழி அவங்க மூலமாத்தான்."

"ஸ்டேஷன் எங்க கீது?" என்றார் பிரவீனா.

என் ஸ்கூட்டியில் பிரவீனா ஏறிக்கொண்டார். துப்பறியும் நிபுணர் ஷேர் ஆட்டோவில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

ஸ்டேஷனில் ஒரு பெண் காவலர் புகாரை எழுதினார். பிரவீனா தடுமாறாமல் சொல்லிக்கொண்டு வந்தார். கார் நின்றது, லாரி வந்தது, போல்ட், கோடு, ஆயில். சூப்பர்வைசர் பெயர், டிராவல்ஸ் பெயர்.

"ஆயிலை எறக்குனது யாருன்னு சந்தேகப்படறீங்க?"

"சந்தேகம்லாம் இல்லம்மா. தெரியும்."

பெயரைச் சொன்னார். புருஷன் பெயர், கதவு எண், தெரு, மாடி வீடு என்பது வரை ஒரே மூச்சில் சொன்னார். பாப்பாவுக்குப் பிறந்தநாள் துணியை ஆன்லைனில் வாங்கி அனுப்பியபோது அவர் விரல் தட்டிய விலாசம்தானே அது.

காவலர் எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "அவங்க உங்களுக்கு இன்னா வேணும்?"

அதுவரை நிற்காமல் சொல்லிவந்த பிரவீனா அங்கேதான் நின்றார். காவலர் பேனாவோடு காத்திருந்தார். சார் தலை குனிந்துகொண்டார். நான் சுவரைப் பார்த்தேன்.

"அந்த எடத்த மட்டும் காலியா வுட்டுடுங்கம்மா," என்றார் பிரவீனா.